என் புகாரின்பேரில் எடுத்துச் செல்லப்பட்ட இடது கீழ் இறக்கை

அனுப்புநர்:
திருமதி பஞ்சவர்ணம் சுந்தரேசன்,
புளோக் 18, ஒன்பதாம் மாடி,
பாயா மெலாத்தி அவென்யூ, சிங்கப்பூர்.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
பாயா மெலாத்தி நகர மன்றம், சிங்கப்பூர்.

பொருள்: 14.5.2025 அன்று எங்கள் மாடி நடைவழியிலிருந்து அகற்றப்பட்ட விமான இறக்கையைச் சேதமின்றித் திருப்பித் தரவும், அதற்குக் காரணமான என் எட்டுப் புகார்களை ரத்து செய்யவும் வேண்டுதல்.

மதிப்புமிகு ஐயா,

தங்கள் அலுவலகத்துக்கு நான் எழுதும் ஒன்பதாவது கடிதம் இது. முதல் எட்டும் புகார்கள். இதுவும் புகார்தான். அந்த எட்டில் ஒன்றின்மேல் தாங்கள் நடவடிக்கை எடுத்துவிட்டீர்கள் என்பதே இதன் சாரம்.

1. நான் இந்தப் புளோக்கில் பதினேழு ஆண்டுகளாகக் கணவரோடு வசிக்கிறேன். தேக்காவில், கேம்பல் லேனுக்குப் பின்புறச் சந்தில், இருபத்தாறு ஆண்டுகளாகத் தையற்கடை நடத்தி வருகிறேன். ரவிக்கைதான் என் தொழில். கடையில் முடியாத வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து தைப்பதும் உண்டு.

2. சென்ற ஆண்டு மார்ச் மாதம் பக்கத்து வீட்டுக்கு ருக்கையா என்ற பெண்மணி குடிவந்தார். வயது நாற்பத்தாறு. தனியாக இருப்பவர். ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பழுதுபார்க்கிறார். அவர் வந்த முதல் வாரமே சனி, ஞாயிறு பிற்பகல்களில் அரம் தேய்க்கும் ஓசை கேட்கத் தொடங்கியது. அதன் தொடர்ச்சிதான் என் எட்டுப் புகார்கள்.

முதலாவது, ஓசையைப் பற்றியது. இரண்டாவது, பசை வாடை. மூன்றாவதும் நான்காவதும் அதே வாடை. இரண்டாவதில் போதிய அழுத்தம் இல்லையோ என்று எண்ணி மீண்டும் எழுதினேன். ஐந்தாவது, 15.6.2024 தேதியிட்டது. நடைவழியில் நீளமான மரச்சட்டங்கள் கிடக்கின்றன, தீப்பிடித்தால் நாங்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று அதில் கேட்டிருந்தேன். ஆறாவதில், அவர் சவப்பெட்டி செய்து விற்கிறார் என்ற ஐயத்தைத் தெரிவித்தேன். ஏழாவதில் சவப்பெட்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, சன்னல் வழியே மீன்முள் போல வரிசையாகத் தொங்கும் பொருள்களைக் குறிப்பிட்டு, அவர் ஏதோ பெரிய மிருகத்தின் எலும்புக்கூட்டைப் பதுக்கி வைத்திருக்கலாம் என்று எழுதினேன். எட்டாவது, முந்தைய ஏழுக்கும் எண் மட்டும் வருகிறது, ஆள் வரவில்லை என்பது.

அந்த எட்டாவதற்கும்கூட ஓர் எண் வந்தது. ஆள் வரவில்லை.

3. ஆகவே 4.8.2024 ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் கண்டிப்பது என்று முடிவு செய்து அவர் கதவைத் தட்டினேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளிருந்து குரல் வந்தது.

“வாங்கக்கா, வாங்க. வாலைப் பார்த்து வாங்க, மிதிச்சுடாதீங்க.”

பூனை என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். வால் எட்டடி நீளம் இருந்தது. காலணி அடுக்கின் அருகே தொடங்கி, கூடத்தின் குறுக்கே, சமையலறை வாசல்வரை மரமும் குழாயுமாக ஒரு நீண்ட கூடு கிடந்தது. அதன் நடுவே ஒரே ஓர் இருக்கை. அந்த இருக்கையில் ருக்கையா அமர்ந்து, மடியில் தட்டை வைத்து, மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அதைத் தவிர வேறு நாற்காலி இல்லை.

“என்னம்மா இது?” என்றேன்.

“ஏரோபிளேன்க்கா.”

“யாரோடது?”

“என்னோடதுதான். பிளான் வாங்கி நானே செய்றேன்.”

“ஏன், செஞ்சது விக்கலையா?”

“விக்கிறாங்க லா. ஆனா அது வேற யாரோ செஞ்சதா இருக்குமே.”

ஐயா, நான் திட்டுவதற்காக மனத்தில் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் எட்டு. எட்டையும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். முஸ்தஃபா கடையிலேயே ஆயத்த ரவிக்கை தொங்கும்போது உன்னிடம் ஏன் வருகிறார்கள் என்று என்னை யாராவது கேட்டால், நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

4. தங்கள் அலுவலகத்தில் எவருக்கும் அச்சம் எழாதிருக்கச் சில விளக்கங்கள். இது ஒருவர் மட்டுமே அமரக்கூடிய மிக இலேசான விமானம். மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கை உடையது. இதன் இயந்திரம் எங்கள் புளோக்கில் இல்லை. எல்லைக்கு அப்பால், மலேசியாவின் ஜோகூரில் ஒரு பறப்போர் சங்கத்தின் கொட்டகையில் இருக்கிறது. பெட்ரோல் ஒரு சொட்டும் இங்கே கிடையாது. ருக்கையா இரண்டு ஆண்டுகளாக வார இறுதிகளில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைக் கடந்து அங்கே போய், முறைப்படி விமானம் ஓட்டக் கற்று உரிமம் பெற்றிருக்கிறார். விமானத்தைப் பகுதி பகுதியாகப் படிக்கட்டு வழியே இறக்கி, லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோய்ப் பூட்டுவதே திட்டம். படிக்கட்டின் திருப்பங்களை அளந்து பார்த்த பிறகே அவர் இந்த வீட்டுக்குக் குடிவந்தார். ஒன்பதாம் மாடி நடைவழியிலிருந்து அது புறப்படும் என்ற எண்ணம் எவருக்கும் இல்லை.

5. நான் இதில் எப்படிச் சிக்கினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்று கிளம்பும்போது சுவரோரம் கிடந்த ஒரு துணியைக் கண்டேன். இறக்கைக்கு உறை தைக்க அவர் செய்த முதல் முயற்சி. விமான வரைபடம் முழுவதும் அங்குலக் கணக்கில் இருக்கிறது. அவரோ தொழிற்சாலையில் மில்லிமீட்டரில் பழகியவர். கணக்கை மாற்றும்போது எங்கோ பிசகி, உறை ஒரு பக்கம் இழுத்தும் மறுபக்கம் தொங்கியும் இருந்தது. தையலைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நாகரிகம். ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“இந்தத் தையலோட மேல போனேன்னு வையி, இறங்கும்போது துணி தனியா வரும், நீ தனியா வருவே” என்றேன்.

அவர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தார். “அப்ப எப்படித் தைக்கணும்க்கா?” என்றார்.

என் கழுத்தில் அளவுநாடா இருந்தது. எப்போதும் இருக்கும். அதில் அங்குலம் இருந்தது.

6. தீபாவளி வேலை முடிந்ததும் நவம்பரில் உறைகளைத் தைக்கத் தொடங்கினேன். கடையில் மேசை போதாமல் தரையில் விரித்து வெட்டினேன். ஒரு வாடிக்கையாளர் அம்மையார் பத்தடி உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது யாருக்குக் கை?” என்று கேட்டார். இவ்வளவு நீளக் கை உடையவளுக்கு மாப்பிள்ளை கிடைத்துவிட்டானா என்றும் விசாரித்தார். வேலை நெருக்கத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உறையை மரச்சட்டத்தில் மாட்டி, ஏழாவது புகாரில் நான் எலும்பு என்று எழுதிய ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தோடும் சேர்த்து நூலால் கட்டி, பிறகு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்ட வேண்டும். சூடு பட்டதும் அந்தத் துணி தானாகச் சுருங்கி இறுகும். கூடினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், குறைந்தால் துணி தொளதொளக்கும். ருக்கையா வெப்பமானியோடு பக்கத்தில் நின்றார். நான் முதல் முறை பெட்டியை ஓட்டியபோது, இருபத்தாறு ஆண்டுகளில் எந்தப் பட்டும் எனக்குக் காட்டாத ஒன்றை அந்தத் துணி காட்டியது. சுருக்கம் ஒவ்வொன்றாக ஓடி மறைந்தது. விரலால் தட்டினேன். உறுமி போல் ஒலித்தது. நான் தைத்த பொருளிலிருந்து சத்தம் வந்தது அதுதான் முதல் முறை. ருக்கையா என்னைக் கட்டிக்கொண்டார். இந்த விவரம் மனுவுக்குத் தேவையற்றது என்பதை அறிவேன். ஆயினும் தங்கள் ஊழியர்கள் எடுத்துச் சென்றது இன்னதென்று தங்களுக்குத் தெரிய வேண்டும்.

7. இறக்கைகள் முடிய முடிய அவர் வீட்டில் இடம் இல்லாமல் போயிற்று. மேல் இறக்கையின் ஒரு பாதி எங்கள் படுக்கையறைக்கு வந்தது. மூன்று மாதமாக என் கணவர் அதன் அடியில்தான் உறங்குகிறார். அவருக்கு ஆட்சேபம் இல்லை. மின்விசிறிக் காற்று மேலே படவில்லை என்ற ஒரே குறையை நகர மன்றத்துக்கு எழுதப் போவதாகச் சொன்னார். குடும்பத்தில் ஒருவர் எழுதினால் போதும் என்று தடுத்துவிட்டேன்.

14.5.2025 காலை, இடது கீழ் இறக்கையின் பூச்சு உலர்வதற்காக அதை என் வீட்டு வாசலில், சுவரோரமாக நிறுத்தி வைத்தோம். ஆட்கள் நடக்க விதிப்படி விட வேண்டிய அகலத்தை அளவுநாடாவால் இரண்டு முறை அளந்து, அதற்குமேல் நான்கு அங்குலம் கூடுதலாகவே விட்டேன். ருக்கையா வேலைக்குப் போனார். நான் கடைக்குப் போனேன்.

அன்றுதான், பதினொரு மாதம் கழித்து, என் ஐந்தாவது புகாரின்மேல் தங்கள் ஊழியர்கள் வந்தார்கள். அதில் நான் எழுதியிருந்த மரச்சட்டங்கள் எல்லாம் எப்போதோ இறக்கைக்குள் போய்விட்டன. எனவே இறக்கையை எடுத்தார்கள். ஒரு வகையில் அவர்கள் செய்தது சரி. புகார் கொடுத்தவரின் வாசலிலிருந்தே, புகார் கொடுத்தவர் தைத்த பொருளை எடுக்கிறோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

8. அன்று நண்பகல், ஒரு மணப்பெண்ணுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது என் கைப்பேசிக்குத் தங்களிடமிருந்து செய்தி வந்தது. “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?” நான் தொலைபேசியில் சொல்லியிருந்த மின்தூக்கி விசிறியைச் சரிசெய்துவிட்டார்கள் என்று எண்ணி ஐந்து நட்சத்திரம் அளித்தேன். கருத்துப் பகுதியில், “மிக்க நன்றி, இதேபோல் தொடர்ந்து செயல்படவும்” என்றும் எழுதினேன். அதை எனக்கு எதிரான சான்றாகக் கொள்ள வேண்டாம். மின்தூக்கியின் விசிறி இன்னமும் ஓடவில்லை.

9. மாலையில் வீடு திரும்பியபோது வாசலில் இறக்கை இல்லை. மறுநாள் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். திரு. வருண் என்ற இளம் அதிகாரி மரியாதையாக உட்கார வைத்துக் கணினியில் தேடினார்.

“ஆன்ட்டி, பழைய துணி காயப்போடுற ஸ்டாண்டுன்னு போட்டிருக்காங்க.”

“தம்பி, அது ஏரோபிளேனோட றெக்கை.”

அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவரைப் பாராட்டுகிறேன். கொஞ்ச நேரம் பட்டியலை மேலும் கீழும் உருட்டினார். “சிஸ்டத்துல றெக்கைன்னு கேட்டகரியே இல்லை லா. சோபா, கட்டில், மெத்தை, அலமாரி, சைக்கிள். இவ்வளவுதான்” என்றார்.

“அப்ப சைக்கிள்னு போடுங்க.”

“வீல் எங்கேன்னு கேப்பாங்க ஆன்ட்டி.”

பிறகு அவர் இன்னொன்றையும் எடுத்துச் சொன்னார். பொருளை மீட்க உரிமையாளர் விண்ணப்பிக்கலாம்; ஆனால் அது ஆபத்தான பொருள், உடனே அகற்றுக என்று புகார்தாரர் எழுதிய கடிதம் கோப்பில் இருக்கும்வரை விண்ணப்பம் நகராது. அந்தப் புகார்தாரர் எழுத்துமூலம் பின்வாங்கினால் பொது மேலாளர் பரிசீலிப்பார். “நல்லா அழுத்தமா எழுதியிருக்காங்க ஆன்ட்டி, யாரோ” என்றார். திரையில் பெயரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பதினான்கு நாள்வரை பொருளைக் கிடங்கில் வைத்திருப்போம், அதன்பின் நொறுக்கிவிடுவோம் என்றும் தெரிவித்தார். கெடு 28.5.2025 அன்று முடிகிறது.

10. கிடங்கு எங்கே என்று அவர் சொல்லவில்லை. நானே விசாரித்துப் போனேன். கம்பிவேலிக்கு அப்பால், வெட்டவெளியில், இரண்டு மெத்தைகளுக்கு அடியில் எங்கள் இறக்கை கிடந்தது. விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது. வானம் கறுத்திருந்தது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் ஒரு துப்புரவு ஊழியர் ஓடிவந்தார். செல்வராஜ் என்று பெயர், புதுக்கோட்டைக்காரர்.

“என்னக்கா, என்ன ஆச்சு?”

“அந்த மெத்தைய எடுப்பா. அடியில இருக்கிறது பறக்கிற றெக்கை.”

அவர் மெத்தைகளைப் புரட்டிப் போட்டார். இறக்கையைப் பார்த்தார். துணிமேல் ஒரு விரலை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார். “நெசமாவே பறக்குமாக்கா?” என்றார். இன்னும் இல்லை, இனிமேல்தான் என்றேன். அவர் வேறொருவரையும் கூப்பிட்டு, இருவருமாக அதைக் கூரைக்கு அடியில் கொண்டுபோய், மரப்பலகைமேல் வைத்து, தம் சொந்தத் தார்ப்பாயால் மூடினார். ஐந்து நிமிடத்தில் மழை கொட்டியது. வேலிக்கு இப்பால் நான் நனைந்தேன். அதைப் பற்றி எனக்குக் குறையில்லை.

11. இனி எழுதப்போவது எனக்குக் கடினமானது. தங்கள் அலுவலகம் ருக்கையாவுக்கும் ஓர் அறிவிப்புக் கடிதம் அனுப்பியிருந்தது. அது உறையிடாத தாளாக, கீழே தபால்பெட்டியின் வாய்க்குச் சற்று உள்ளே கிடந்தது. “புகார்தாரர்: திருமதி ப.சு., ஒன்பதாம் மாடி” என்ற வரி நன்றாகத் தெரிந்தது. எங்கள் மாடியில் ப.சு. நான் ஒருத்திதான். என் பையில் துணி வெட்டும் கத்தரி இருந்தது. உள்ளே விட்டு இழுக்க அதன் நீளம் போதும். ஆனாலும் நான் அந்தக் கடிதத்தை இழுக்கவில்லை என்பதைத் தங்கள் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அதற்குப் பதிலாக மேலே போய், அவர் கதவைத் தட்டி, நின்றபடியே சொன்னேன். “றெக்கைய எடுத்துட்டுப் போகச் சொன்னது நான்தான். போன வருசம் எழுதினது. உன்னைத் தெரியாதப்ப.”

அவர் என்னைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு நாள் பக்கத்து வீட்டிலிருந்து அரம் தேய்க்கும் ஓசை இல்லை. பசை வாடை இல்லை. என் முதல் நான்கு புகார்களில் நான் கேட்டிருந்த அமைதி அத்தனையும் ஒருசேரக் கிடைத்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவர், “அந்தப் பிள்ளைகிட்ட இன்னொரு தடவை போய்ப் பேசேன்” என்றார். போகக் கால் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை அவரே வந்தார். கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார். படித்தேன். தங்கள் மன்றத்துக்கு அவர் சென்ற ஆண்டு ஏப்ரலில் எழுதிய புகார். பக்கத்து வீட்டில் விடியற்காலை ஐந்தரைக்கே ஏதோ இயந்திரம் ஓடுகிறது, சுவர் அதிர்கிறது, உரிமமின்றி இட்லி மாவு ஆலை நடத்துகிறார்கள் என்று ஐயுறுகிறேன். அது என் தையல் இயந்திரம் ஐயா.

“இதே மாதிரி மூணு எழுதியிருக்கேன். நீங்க எட்டு. நீங்கதான்க்கா சீனியர்” என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, “சரி, முதல்ல றெக்கையக் கொண்டு வாங்க. சண்டைய அப்புறம் நிம்மதியாப் போடலாம்” என்றார்.

12. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன:

அ. என் எட்டுப் புகார்களையும் முழுமனத்தோடு பின்வாங்குகிறேன். ஆறாவதையும் ஏழாவதையும் கோப்பிலிருந்தே நீக்கிவிட்டால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன். பக்கத்து வீட்டாருக்கு அவற்றின் வாசகம் இன்னும் தெரியாது.

ஆ. இடது கீழ் இறக்கையை 28.5.2025-க்குள் எங்களிடம் ஒப்படைக்க ஆணையிட வேண்டும். அடையாளம்: விமானத்தின் உடலோடு சேரும் ஓரத்தில், உட்புறமாக, “பஞ்சவர்ணம் தையலகம், தேக்கா” என்ற பட்டை தைக்கப்பட்டிருக்கும். இருவர் தூக்க வேண்டும். சட்டத்தைப் பிடிக்கலாம், துணியில் கட்டைவிரல் பதியக் கூடாது. கணினியில் வகை தேவைப்பட்டால், “தைக்கக் கொடுத்த துணி” என்று ஒரு புதிய வகையைச் சேர்த்துக்கொள்ளலாம். அது பொய்யாகாது.

இ. ருக்கையாவின் மூன்று புகார்களும் தங்கள் வரிசையில் எங்கோ காத்திருக்கின்றன. தங்கள் ஊழியர்களின் வேகத்தைக் கணக்கிட்டால், அவர்கள் என் தையல் இயந்திரத்தை எடுக்க எந்த நாளும் வரக்கூடும். மேல் இறக்கையின் வலப்பாதி இன்னும் தைத்து முடியவில்லை. ஆகவே அவற்றையும் ரத்து செய்ய வேண்டும்; அவருடைய சம்மதக் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஈ. செல்வராஜ் தம் வேலை நேரத்தில் வெளியாள் சொல்லுக்குக் கட்டுப்பட்டதாக எவரேனும் குறை கூறினால், அதை ஏற்க வேண்டாம். அந்தத் தார்ப்பாய் அவருடையது. அதுவும் அவரிடம் திரும்பிச் சேர வேண்டும்.

13. லாரி 31.5.2025 சனிக்கிழமை காலை வருகிறது. விமானத்தைச் சோதித்து அனுமதி வழங்கும் பொறியாளர் மறுநாள் ஜோகூர் கொட்டகைக்கு வருகிறார். அவரை விட்டால் அடுத்து டிசம்பரில்தான். மூன்று இறக்கையோடு போய் நின்றால் அவர் என்ன சொல்வார் என்பதைத் தங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

விமானத்தில் ஓர் இருக்கைதான். அதில் நான் ஏறப்போவதில்லை. எனக்கு ஒன்பதாம் மாடியிலேயே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். ஆனாலும் அவர் முதல் முறை பறக்கும் நாளில் நான் கூட வர வேண்டும் என்று ருக்கையா பிடிவாதமாகச் சொல்கிறார். “மேல போறப்ப துணி எங்கயாச்சும் சுருங்குதா, இழுக்குதான்னு கீழருந்து பார்த்துச் சொல்லுங்கக்கா. எனக்கு அங்கருந்து தெரியாது” என்கிறார். வாடிக்கையாளர் போட்டுப் பார்க்காமல் எந்தத் துணியையும் நான் கடையைவிட்டு அனுப்பியதில்லை. இந்த ஒன்றை அவர் போட்டுப் பார்க்கும் இடம் ஐந்நூறு அடி உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு தொலைவுக்கு என் கண் எட்டுமா என்று மட்டுமே நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்படி, மற்றக் கவலையைத் தாங்கள் தீர்த்துவைக்க வேண்டும்.

தங்கள் நல்லாணையை எதிர்நோக்கும்,
பஞ்சவர்ணம் சுந்தரேசன்
(ஒப்பம்)

இடம்: சிங்கப்பூர்
நாள்: 22.5.2025